சாதா எஞ்சினா, டர்போவா? - லோடு வண்டிகளின் நூறு வருடக் கதை

சொந்தமாக ஒரு லோடு வண்டி வாங்கிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுக்கும் எவருக்கும் இரண்டு கேள்விகள் உண்டு. ஒன்று, மாதாமாதம் டியூ எவ்வளவு? இன்னொன்று, வண்டி இழுக்குமா? முதல் கேள்விக்கு பைனான்ஸ்காரர் ஒரு தாளில் பதில் எழுதிக் கொடுத்துவிடுவார். இரண்டாவது கேள்விக்குப் பதில் எஞ்சினுக்குள் இருக்கிறது. "இது டர்போ சார், சும்மா பிச்சுக்கிட்டு போகும்" என்பார் ஷோரூம்காரர். "டர்போ எல்லாம் எதுக்கு? சாதா எஞ்சின்னா நானே பிரிச்சு மாட்டிடுவேன்" என்பார் தெருமுனை மெக்கானிக். இருவரில் யார் சொல்வது சரி?

தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், மேடவாக்கம் பகுதிகளில் வாழ்க்கையே இந்தச் சின்ன வண்டிகளின் மேல்தான் ஓடுகிறது என்றால் மிகையாகாது. தண்ணீர் கேன் வருவது அதில். வீடு மாறும்போது பீரோவும் கட்டிலும் போவது அதில். செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கத்துக் காய்கறி ஜி.எஸ்.டி. சாலை வழியாகச் சந்தைக்கு வருவதும் அதில். ஆனால் அந்த வண்டிகளின் எஞ்சின் எப்படி மாறியது, யார் சொல்லி மாறியது என்பதைப் பலரும் யோசித்திருக்க மாட்டார்கள். சாதா எஞ்சினும் டர்போ எஞ்சினும் மோதிக்கொண்ட அந்தக் கதையில் விஞ்ஞானம் பாதி, வரவு செலவுக் கணக்கு பாதி.

எஞ்சின் எப்படி மூச்சு விடுகிறது?

முதலில் அடிப்படை. எஞ்சினுக்கு எரிபொருள் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரிய ஆயிரக்கணக்கான லிட்டர் காற்று தேவை. சாதா எஞ்சினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது ஏற்படும் வெற்றிடத்தில் காற்று தானாக உள்ளே வருகிறது. நாம் மூச்சு இழுப்பது மாதிரிதான். எவ்வளவு காற்று வருகிறதோ அந்த அளவுக்குத்தான் டீசலை எரிக்க முடியும். அதற்கு மேல் டீசலை ஊற்றினால் சக்தி வராது, கரும்புகைதான் வரும்.

அப்படியானால் அதிக சக்திக்கு என்ன வழி? எஞ்சினைப் பெரிதாக்கலாம். ஆனால் எடை கூடும், விலை கூடும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். இன்னொரு வழி, அதே எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிப்பது. டர்போ செய்வது இதைத்தான். சைலன்சர் வழியே வீணாக வெளியேறும் சூடான புகை ஒரு சிறிய டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. உள்ளங்கையில் அடங்கும் இந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கும் மேல் சுழலக்கூடியது!

காற்றை அழுத்தினால் அது சூடாகும் (சைக்கிள் பம்ப்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்). சூடான காற்று லேசானது. அதனால் அதைக் குளிரவைக்க ரேடியேட்டர் மாதிரி ஒரு பாகம் வைத்தார்கள். அதன் பெயர் இன்டர்கூலர். வண்டியின் பின்னால் "டி.சி.ஐ.சி." என்று எழுதியிருந்தால் டர்போவும் இன்டர்கூலரும் இருக்கின்றன என்று பொருள்.

பிறந்தது சுவிட்சர்லாந்தில், வளர்ந்தது மலை உச்சியில்

டர்போவைப் புதிய கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் அதற்கு நூறு வயதைத் தாண்டிவிட்டது. ஆல்ஃபிரட் புச்சி என்ற சுவிஸ் எஞ்சினியர் 1905-லேயே இதற்குக் காப்புரிமை கோரினார். ருடால்ஃப் டீசலின் எஞ்சின் வெற்றிகரமாக ஓடிக் காட்டிய 1897-க்கு எட்டே வருடம் கழித்து! ஆனால் அவ்வளவு சூட்டையும் வேகத்தையும் தாங்கும் உலோகம் அன்று இல்லை. யோசனை காகிதத்திலேயே காத்திருந்தது.

அதை முதலில் தேடிப் போனது விமானத்துறை. உயரே போகப் போகக் காற்று மெலிந்து எஞ்சின் திணறும். 1918-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த சான்ஃபோர்ட் மாஸ் ஒரு லிபர்ட்டி விமான எஞ்சினை 14,000 அடிக்கும் மேல் உயரமான பைக்ஸ் பீக் மலை உச்சிக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். டர்போ இல்லாமல் ஓட்டியபோது எஞ்சின் தன் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்தது. டர்போவை மாட்டியதும் தரையில் கொடுத்த அதே சக்தியை உச்சியிலும் கொடுத்தது.

இதை ஊட்டிக்குப் பொருத்திப் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,300 அடி. ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் என்ற கணக்கில் சாதா எஞ்சின் அங்கே ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து லோடு ஏற்றிப் போகும் வண்டிக்கு டர்போ ஒரு வரம். ஆனால் தாம்பரம் கடல் மட்டத்திலிருந்து முப்பது மீட்டர் அளவு உயரத்தில்தான் இருக்கிறது. இங்கே அந்த வரத்துக்கு வேலை குறைவு. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

1920-களின் நடுவில் புச்சியின் முறை இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களில் பொருத்தப்பட்டது. 1,750 குதிரைத்திறன் கொடுக்கும் எஞ்சின் 2,500 கொடுத்தது. 1938-ல் சுவிட்சர்லாந்தின் சௌரர் நிறுவனம் லாரிக்கான டர்போ எஞ்சினைக் கொண்டுவந்தது. இந்தியா சுதந்திரம் அடைவதற்கு ஒன்பது வருடம் முன்பே லாரியில் டர்போ வந்தாயிற்று. அப்படியிருந்தும் இங்கே சாதாரண லோடு வண்டிக்கு அது வர இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. ஏன்?

சென்னையின் சாதா எஞ்சின் காலம்

சுதந்திரத்துக்குப் பிறகு மோட்டார் தொழில் சென்னையைச் சுற்றி வேகமாக வளர்ந்தது. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. பின்னர் பிரிட்டனின் லேலண்ட் சேர்ந்ததும் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. செம்பியத்தில் சிம்சன் கம்பெனி 1950-களில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைச் செய்யத் தொடங்கியது. தென்பகுதிக்கும் ஒரு பங்கு உண்டு. வண்டலூர் - பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் அங்கிருந்துதான் வந்தது. "ஸ்டாண்டர்டு 20" என்ற சின்ன வேனும் அங்கே தயாரானது. பள்ளிக்கூட வேனாகவும் ஆம்புலன்சாகவும் சரக்கு வண்டியாகவும் அது ஓடியதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1980-களின் கடைசியில் அங்கே கார் உற்பத்தி நின்றது.

இந்த வண்டிகள் எதிலும் டர்போ கிடையாது. அதற்குக் காரணம் அறியாமை அல்ல. அன்றைய நிலைமைக்கு சாதா எஞ்சின்தான் பொருத்தமாக இருந்தது.

முதல் காரணம், லைசென்ஸ் ராஜ்யம். எத்தனை வண்டி செய்யலாம் என்பதையே அரசு தீர்மானித்த காலம் அது. வண்டிக்கு ஆள் காத்திருந்தார்கள், ஆளுக்கு வண்டி காத்திருக்கவில்லை. எதைச் செய்தாலும் விற்கும் என்றால் எந்தக் கம்பெனி செலவு செய்து புது எஞ்சின் கொண்டுவரும்?

இரண்டாவது காரணம், வேகத்துக்குத் தேவையே இல்லை. குண்டும் குழியுமான ஒற்றைச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம். அதற்கு டர்போ எதற்கு?

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது: பழுது பார்ப்பது. டர்போவின் அச்சு எஞ்சின் ஆயிலில் மிதந்துதான் சுழல்கிறது. ஆயில் அழுக்கானால் அது முதலில் கொல்வது டர்போவைத்தான். நெடுந்தூரம் ஓட்டிவிட்டு வந்து பட்டென்று சாவியைத் திருப்பி அணைத்தால், கொதிக்கும் டர்போவுக்கு ஆயில் வருவது நின்று உள்ளேயே கருகிவிடும். ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைக்க வேண்டும். கலப்பட ஆயில், மாற்றாத ஃபில்டர், அவசரமான டிரைவர் - இந்த மூன்றும் இருந்த இடத்தில் டர்போ பிழைப்பது கஷ்டம். சாதா எஞ்சினோ எதையும் தாங்கும். ஹெட்டை இறக்கி, லேத் பட்டறையில் போர் அடித்து, புது பிஸ்டன் ரிங் போட்டால் மறுபடி ஓடும். அதற்கு ஸ்பேனரும் அனுபவமும் போதும்.

அதாவது சாதா எஞ்சினின் உண்மையான சொத்து எஞ்சினுக்கு வெளியே இருந்தது. ஊருக்கு ஊர் இருந்த மெக்கானிக்கும் லேத் பட்டறையும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையும்தான் அந்தச் சொத்து. வண்டிக்கான கடன் கொடுப்பவர்களுக்கும் இது தெரியும். எங்கே வேண்டுமானாலும் பழுது பார்க்க முடிகிற வண்டிக்குத்தான் பழைய வண்டிச் சந்தையில் விலை நிற்கும். விலை நிற்கும் வண்டிக்குத்தான் தைரியமாகக் கடன் கொடுக்க முடியும்.

எண்பதுகள்: ஜப்பான் வந்தது, டர்போ காத்திருந்தது

1980-களில் கதவு கொஞ்சம் திறந்தது. சின்ன லாரி செய்ய ஜப்பானியக் கம்பெனிகளுடன் கைகோர்க்க அரசு அனுமதித்தது. டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிஸான், ஸ்வராஜ் மாஸ்டா, ஐஷர் மிட்சுபிஷி என்று நான்கு ஜோடிகள் களத்தில் இறங்கின. இவற்றுக்குப் பதிலாக 1986-ல் டாடா தன் 407-ஐ இறக்கியது. ஜப்பான் வண்டிகள் நாசூக்கானவை. 407-இன் சாதா எஞ்சினோ சத்தம் போடும், அதிரும், ஆனால் ஓவர்லோடைத் தாங்கும். யார் ஜெயித்தது என்று சொல்லத் தேவையில்லை. 407 இன்றும் ஓடுகிறது. மற்ற நான்கு ஜோடிகளின் பெயர்களும் ஒவ்வொன்றாக மறைந்தோ மாறியோ போயின.

1988-ல் டாடா மொபைல் 206 வந்தது. முன்னால் கார் மாதிரி கேபின், பின்னால் திறந்த தொட்டி. பிக்கப் டிரக் என்றால் என்ன என்று பல ஊர்களுக்கு அறிமுகம் செய்தது இதுதான். அதில் இருந்தது 1,948 சிசி சாதா டீசல் எஞ்சின். கொடுத்த சக்தி அறுபதுகளில் இருக்கும் குதிரைத்திறன். அதே 1,948 சிசி அளவில் டர்போவும் இன்டர்கூலரும் சேர்த்து 1998-ல் டாடா சஃபாரி வந்தபோது சக்தி 90 குதிரைத்திறன் அளவுக்கு ஏறியது. சிலிண்டர் அதே அளவு, சக்தி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. டர்போ என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நேரடியான ஒப்பீடு கிடைப்பது கடினம்.

இதற்கிடையில் சென்னையில் ஒரு சுவாரசியமான விஷயம் நடந்திருந்தது. 1982-ல் "டர்போ எனர்ஜி" என்ற கம்பெனி தொடங்கப்பட்டது. ஜெர்மனியின் கே.கே.கே. நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் டர்போ தயாரிப்பதுதான் வேலை. (கே.கே.கே. பின்னர் அமெரிக்காவின் போர்க்வார்னர் வசம் போனது.) சோளிங்கர் பக்கம் புலிவலத்தில் ஒரு ஆலை, பழைய மாமல்லபுரம் சாலையில் பையனூரில் ஒரு ஆலை. பையனூர் என்றால் தாம்பரத்திலிருந்து போய்விட்டு மதிய சாப்பாட்டுக்குத் திரும்பிவிடும் தூரம்தான்.

இதில் காமர்ஸ் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. டர்போ எனர்ஜியில் முதலீடு செய்தவர்களில் பிரேக்ஸ் இந்தியாவுடன் சுந்தரம் பைனான்ஸும் ஒருவர். 1954-ல் 2 லட்ச ரூபாய் மூலதனத்தில் தொடங்கி, லாரிக்குக் கடன் கொடுத்தே வளர்ந்த அதே கம்பெனி! லாரிக்காரர்களின் வரவு செலவை முப்பது வருடம் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள், லாரிக்காரர் யாரும் கேட்காத நேரத்தில் டர்போவில் பணம் போட்டார்கள். அந்த முதலீடு பலன் தந்ததற்கு முக்கியமான காரணம் ஒன்று வெளியிலிருந்து வந்தது. அதுதான் புகைச் சட்டம்.

டர்போவைக் கொண்டுவந்தது யார்?

தொண்ணூறுகளில் நகரங்கள் புகையில் மூழ்கின. 1992-ல் டீசல் வண்டிகளுக்கு முதல் புகை விதிகள் வந்தன. 1996-ல் அவை இறுகின. 2000-ல் நாடு முழுவதும் "இந்தியா 2000" விதிகள். அடுத்து பாரத் ஸ்டேஜ் என்ற பெயரில் படிப்படியாக ஏறியது. பி.எஸ். 2 சென்னைக்கு 2001-ல் வந்தது. பி.எஸ். 3 பெருநகரங்களுக்கு 2005-லும், பி.எஸ். 4 2010-லும் வந்தன. நாடு முழுவதும் பி.எஸ். 4 ஆனது 2017 ஏப்ரல் 1. பி.எஸ். 6 வந்தது 2020 ஏப்ரல் 1. (நடுவில் 5-ஐத் தாண்டியே குதித்தார்கள்.)

டீசலும் கூடவே மாறியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10,000 பங்கு வரை இருந்தது. பி.எஸ். 3-ல் அது 350, பி.எஸ். 4-ல் 50, பி.எஸ். 6-ல் வெறும் 10.

கரும்புகை என்பது காற்று போதாமல் அரைகுறையாக எரிந்த டீசல். அதைக் குறைக்க என்ன வழி? காற்றைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். காற்றைக் கூடுதலாகக் கொடுக்கும் கருவி 1905-லேயே தயாராக இருந்தது! இன்டர்கூலர் சேர்ந்தால் எரியும் சூடு குறைந்து நைட்ரஜன் ஆக்சைடும் குறையும். எண்பது வருடமாக "சக்தி கூட்டும் கருவி" என்று அறியப்பட்ட டர்போ, இந்தியாவில் "புகை குறைக்கும் கருவி"யாகப் புது வேலைக்குச் சேர்ந்தது.

சுருக்கமாகச் சொன்னால், பிக்கப் வண்டிக்கு டர்போ வந்தது வண்டிக்காரர் கேட்டதால் அல்ல. சட்டம் கேட்டதால்.

குட்டி யானையும் தோஸ்த்தும்

2000-களில் சாலைகளும் மாறின. தாம்பரம் - திண்டிவனம் சாலை நான்கு வழியானது. பெரிய லாரிகள் பகலில் நகரத்துக்குள் வரக் கட்டுப்பாடு இருந்தது. பெரிய லாரி ஊர் எல்லையில் சரக்கை இறக்க, அங்கிருந்து தெருவுக்குள் கொண்டுபோக ஒரு சின்ன வண்டி தேவைப்பட்டது. மூன்று சக்கர வண்டிக்கும் 407-க்கும் நடுவே ஒரு பெரிய இடைவெளி.

அந்த இடைவெளியில் 2005 மே மாதம் டாடா ஏஸ் வந்தது. தமிழ்நாட்டில் அதற்குக் கிடைத்த பெயர் குட்டி யானை. இரண்டே சிலிண்டர், 702 சிசி, டர்போ இல்லாத சாதா டீசல் எஞ்சின், வெறும் 16 குதிரைத்திறன்! இன்றைய நல்ல பைக் ஒன்றின் சக்திகூட அதைவிட அதிகம். ஏற்றக்கூடிய எடை முக்கால் டன். விலை இரண்டேகால் லட்ச ரூபாய் அளவில். உலகம் முழுக்க எஞ்சின்கள் சக்தியைக் கூட்டிக்கொண்டிருந்த நேரத்தில் டாடா எதிர்த்திசையில் போனது. காரணம் எளிது. குரோம்பேட்டையிலிருந்து மேடவாக்கத்துக்கு அரிசி மூட்டை கொண்டுபோக 16 குதிரை போதும். விலை குறைந்தால் டியூ குறையும். டியூ குறைந்தால் நேற்றுவரை அடுத்தவர் வண்டி ஓட்டியவர் இன்று முதலாளி ஆகலாம். ஆனார்கள். லட்சக்கணக்கில் விற்றது.

ஆறு வருடம் கழித்து, 2011-ல், அசோக் லேலண்ட் நிஸானுடன் சேர்ந்து ஓசூரில் தயாரித்த "தோஸ்த்" வந்தது. இதன் தத்துவமே வேறு. மூன்று சிலிண்டர், 1,478 சிசி, காமன் ரெயில், டர்போ. 55 குதிரைத்திறனுக்கும் மேல். ஏற்றக்கூடிய எடை ஒன்றேகால் டன். குட்டி யானையைவிட விலை அதிகம், ஆனால் நெடுஞ்சாலையில் ஏறினால் வேகம் குறையாது. செங்கல்பட்டிலிருந்து காய்கறி ஏற்றி ஒரு டிரிப் முடித்துவிட்டு, அதே நாளில் இரண்டாவது டிரிப்புக்கும் போகலாம். 2016-ல் நிஸான் விலகியபோதும் தோஸ்த் நிற்கவில்லை. 2020-ல் வந்த "படா தோஸ்த்"தில் ஏறக்குறைய அதே ஒன்றரை லிட்டர் எஞ்சின் 80 குதிரைத்திறன் கொடுத்தது.

ஒன்று தெருவுக்கான வண்டி, மற்றது சாலைக்கான வண்டி. ஷோரூம்காரரும் மெக்கானிக்கும் போடும் சண்டைக்கான பதில் இந்த இரண்டு வண்டிகளிலேயே இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு

கல்லூரியில் "பிரேக் ஈவன்" என்று படிப்பதை இங்கே போட்டுப் பார்க்கலாம். இவை எந்தக் கம்பெனியின் எண்களும் அல்ல, புரிவதற்காக எடுத்துக்கொண்ட உத்தேச எண்கள்.

ஒரே எடையை ஏற்றும் இரண்டு வண்டிகள். டர்போ வண்டியின் விலை 60,000 ரூபாய் அதிகம். சாதா வண்டி லிட்டருக்கு 13 கிலோமீட்டர், டர்போ வண்டி 15 கிலோமீட்டர் கொடுக்கிறது. டீசல் லிட்டர் 90 ரூபாய்.

மாதம் 4,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்றால் சாதாவுக்கு 308 லிட்டர், டர்போவுக்கு 267 லிட்டர். மிச்சம் 41 லிட்டர், அதாவது சுமார் 3,700 ரூபாய். கூடுதலாகக் கொடுத்த 60,000 ரூபாய் 16 மாதத்தில் திரும்பிவிடும்.

மாதம் 1,500 கிலோமீட்டர்தான் ஓடும் என்றால் மிச்சம் 15 லிட்டர் சொச்சம், சுமார் 1,390 ரூபாய். பணம் திரும்ப 43 மாதம் ஆகும். நடுவில் ஒருமுறை டர்போ போய், மாற்ற 30,000 ரூபாய் செலவானால்? முதல் வண்டிக்கு 24 மாதத்தில் கணக்கு நேராகிவிடும். இரண்டாவது வண்டிக்கு 65 மாதம். ஐந்து வருடக் கடன் முடிந்த பிறகும் டர்போ தன் விலையைச் சம்பாதித்திருக்காது!

இதிலும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டோம். டர்போ நன்றாக வேலை செய்ய எஞ்சின் ஓரளவு வேகத்தில் சுழல வேண்டும். மிதித்தவுடன் இழுக்காமல் ஒரு நொடி யோசித்துவிட்டு இழுப்பதை "டர்போ லேக்" என்பார்கள். பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை மாலை நேர நெரிசலில் முதல் கியரும் இரண்டாம் கியருமாக ஊர்ந்தால் டர்போ பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். அங்கே 15 கிலோமீட்டர் கிடைக்காது. ஆக, ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டிக்குக் கணக்கு இன்னும் மோசமாகும்.

2020: கதை திரும்பியது

இத்தனைக்கும் பிறகு டர்போதான் இறுதி வெற்றி பெற்றது என்று முடித்துவிடலாம் என்றால், அதுவும் முடியாது. காரணம் பி.எஸ். 6.

இந்த விதிக்கு டர்போ மட்டும் போதவில்லை. டீசல் காருக்கு அனுமதித்த துகள் அளவு பி.எஸ். 4-ஐவிட 82 சதவீதமும், நைட்ரஜன் ஆக்சைடு 68 சதவீதமும் குறைக்கப்பட்டது. சின்ன லோடு வண்டிகளுக்கும் இதே மாதிரியான கெடுபிடி. புகைக்குழாயில் துகள் வடிகட்டி, நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் கருவி, பல சென்சார்கள் என்று சேர்ந்தன. பெரிய வண்டியில் இந்தச் செலவு விலையோடு விலையாகக் கரைந்துவிடும். நான்கைந்து லட்ச ரூபாய் வண்டியில் கரையுமா?

மாருதி என்ன செய்தது என்று பாருங்கள். 2016-ல் சூப்பர் கேரி என்ற சின்ன லோடு வண்டியை இரண்டு சிலிண்டர், 793 சிசி டர்போ டீசலுடன் கொண்டுவந்தது. அதே மாருதி 2020 ஏப்ரலில் டீசலையே மொத்தமாகக் கைவிட்டது. சூப்பர் கேரியில் அதன் பிறகு இருப்பது 1.2 லிட்டர் பெட்ரோல் மற்றும் சி.என்.ஜி. எஞ்சின். டர்போ இல்லாத சாதா எஞ்சின்! டாடாவும் 2020-ல் குட்டி யானையை 694 சிசி சாதா பெட்ரோல் எஞ்சினுடன் விற்கத் தொடங்கியது.

இதற்கு எரிபொருள் விலையும் துணை நின்றது. 2012-ல் ஒரு கட்டத்தில் சென்னையில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 25 ரூபாய்க்கும் மேல் வித்தியாசம் இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. இடைவெளி படிப்படியாகச் சுருங்கி, பத்து ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. டீசல் மலிவு என்பதால்தானே டீசல் எஞ்சினின் விலையைப் பொறுத்துக்கொண்டார்கள்? அந்தக் காரணம் பாதி போய்விட்டது.

ஆக, ஒரு டன்னுக்கு மேல் ஏற்றும் தோஸ்த், பொலேரோ பிக்கப் போன்ற வண்டிகளில் டர்போ டீசல் அசைக்க முடியாதபடி உட்கார்ந்துவிட்டது. அதற்குக் கீழே சாதா எஞ்சின் பெட்ரோலாகவும் சி.என்.ஜி.யாகவும் திரும்பி வந்திருக்கிறது. டர்போவை உள்ளே கொண்டுவந்த அதே புகைச் சட்டம், சின்ன வண்டிகளில் அதை வெளியே அனுப்பியும் வைத்தது. 2022-ல் டாடா ஏஸின் மின்சார வடிவமும் வந்துவிட்டதால், காற்றே தேவைப்படாத மூன்றாவது போட்டியாளரும் களத்தில் இருக்கிறார்.

இழந்தது யார்?

இந்தக் கதையில் வருத்தமான பகுதி ஒன்று உண்டு. பழைய சாதா டீசல் எஞ்சின் போனதோடு, அதைக் காதால் கேட்டே கோளாறு சொன்ன மெக்கானிக்கின் தொழிலும் சுருங்கிவிட்டது. திரும்பி வந்திருக்கும் பெட்ரோல் எஞ்சின் டர்போ இல்லாததுதான், ஆனால் அதுவும் கம்ப்யூட்டர் சொல்படி ஓடுவது. ஸ்கேனர் கருவி இல்லாமல் அதன் கோளாறை முழுதாகக் கண்டுபிடிக்க முடியாது. முன்பு வண்டிக்காரர் கொடுத்த பழுதுக் காசில் பெரும் பங்கு உள்ளூர் பட்டறையில் தங்கியது. இப்போது அதில் ஒரு பகுதி கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகிறது. காற்று சுத்தமானது எல்லோருக்கும் லாபம். அந்த லாபத்துக்கான விலையைக் கொடுத்தவர்களில் பட்டறைக்காரரும் ஒருவர்.

சரி, ஷோரூம்காரர் சரியா, மெக்கானிக் சரியா? இருவருமே பாதி சரி. தினமும் நெடுஞ்சாலையில் முழு லோடு ஏற்றி ஓடுபவருக்கும், மலை ஏறுபவருக்கும் டர்போ சோறு போடும். தெருவுக்குத் தெரு தண்ணீர் கேன் இறக்குபவருக்கு அது தேவையில்லாத டியூ. எனவே வண்டி வாங்கப் போகிறவர் ஷோரூமில் "டர்போ இருக்கா?" என்று கேட்பதற்கு முன், வீட்டில் உட்கார்ந்து தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: "மாதம் எத்தனை கிலோமீட்டர், எந்த ரோட்டில், எவ்வளவு லோடு?"

அந்த மூன்று எண்களும் கையில் இருந்தால், எந்த எஞ்சின் என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும்.